பொங்கல் நாளுக்கு முந்திய நாட்கள்: வன்னி முன்பள்ளி ஒன்றில் பண்டிகைகள் கற்பிக்கப்பட்ட விதம்

இடமும் பிள்ளைகளும்

முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளையிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு கிராமத்து முன்பள்ளியில், ஓராண்டு காலம் பண்டிகைகளும் விசேட நாட்களும் எவ்வாறு கற்பிக்கப்பட்டன என்பதே இந்த ஆய்வின் பொருள். முன்பள்ளியின் பெயரும் ஊரின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் இங்கு தரப்படவில்லை. மூன்று முதல் ஐந்து வயது வரையான இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளும், இரண்டு ஆசிரியைகளும், ஓடு வேய்ந்த ஒரேயொரு மண்டபமும், அதன் பின்புறத்தில் தாய்மார் முறைவைத்து இலைக்கஞ்சி காய்ச்சும் ஒரு கொட்டிலும் அங்கு உண்டு. மூத்த ஆசிரியை அந்த ஊரிலேயே பிறந்து, போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, பின்னர் மீளக்குடியேறியவர். இளைய ஆசிரியை கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து திருமணமாகி வந்தவர். முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியோடு தொடர்புடையவன் என்ற வகையில் நான் அங்கு சென்றுவந்தேன். வகுப்பை நடத்தியவர்களும் முடிவுகளை எடுத்தவர்களும் அவர்கள் இருவருமே.

வன்னியின் கிராமம் ஒன்று வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே வழக்கமுடைய ஊராகத் தோன்றலாம். அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளின் வீடுகளோ பல வழிகளில் வந்து சேர்ந்தவை. குளத்து வயலை நம்பித் தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் ஒரு பகுதி. 1977 ஆம் ஆண்டு வன்செயல் உட்படப் பல காரணங்களால் மலையகத் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொரு பகுதி. கரையோரத்திலிருந்து வந்து குடியமர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, போர் முடிந்த பின்னர் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும், அண்மைக் காலத்தில் கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்த சில குடும்பங்களும் இருந்தன. தீபாவளி என்ற ஒரு நாளை எடுத்துக்கொண்டாலே இந்த வேறுபாடு தெரியும். தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுக்கப்படும் அளவுக்கு அந்நாள் முதன்மையானது. அந்த வழிவந்த வீடுகளில் இன்றும் புதுத்துணியும் பலகாரமும் இறைச்சிக்கறியும் தீபாவளிக்கே. பக்கத்து வளவில் இருக்கும் பழைய வன்னிக் குடும்பத்திற்கு அது ஒரு கோயில் நாளாகக் கழிந்துபோகும். அவர்களுடைய பெருநாட்கள் தைப்பொங்கலும் சித்திரை வருடப்பிறப்பும் வற்றாப்பளைப் பொங்கலும்தான்.

முன்னைய வழக்கம்

இந்த ஆய்வுக்கு முந்திய ஆண்டுகளில் அங்கே பண்டிகை என்றால் விழா என்று பொருள். ஒரு கிழமைக்கு முன்னர் ஒத்திகை தொடங்கும். ஆண் பிள்ளைகளுக்கு வேட்டியும் பெண் பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடையும் வேண்டும் என்று பெற்றோருக்கு அறிவிக்கப்படும். பொங்கல் அன்று விருந்தினர் பிந்தி வருவார். அதுவரை பிள்ளைகள் வெயிலில் கதிரைகளில் இருப்பார்கள். விருந்தினர் அடுப்பை மூட்டி, அரிசியைப் போட்டு, நின்று படம் எடுத்துக்கொள்வார். உரைகள் முடியும்போது பொங்கல் பொதியாக்கப்பட்டிருக்கும். ஒருமுறை இப்படி நடந்த விழாவுக்கு மறுநாள், மூத்த ஆசிரியை பிள்ளைகளை வட்டமாக இருத்தி, நேற்று என்ன செய்தோம் என்று கேட்டபோது, நான்கு வயதுப் பிள்ளை ஒன்று, “சேர் வந்தவர், நாங்கள் கை தட்டினது” என்று விடை சொல்லியது. மற்றப் பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். பானையைப் பற்றியோ, சூரியனைப் பற்றியோ, பால் பொங்கியதைப் பற்றியோ ஒருவரும் சொல்லவில்லை. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. அன்று அவர்கள் செய்த வேலை கைதட்டுவது ஒன்றுதான்.

அந்த விடையிலிருந்துதான் ஆசிரியைகள் இருவரும் அடுத்த ஆண்டுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் எடுத்த முடிவு எளிமையானது: பண்டிகை நாளுக்கு முன்னுள்ள நாட்களே பாடம், பண்டிகை நாள் அந்தப் பாடத்தின் இறுதிப் பகுதி. வீடுகளில் பெரியவர்கள் பண்டிகைக்காக எந்த வேலைகளைச் செய்கிறார்களோ, அவற்றுள் பிள்ளையின் கைக்கு அடங்கக்கூடியவை வகுப்புக்குள் வரவேண்டும். ஒரு வீட்டின் வழக்கத்தை அறியாமல் அந்த வீட்டுப் பிள்ளையை எந்தச் சடங்கிலும் நிறுத்துவதில்லை. இதற்காக அனுமதிப் படிவத்தோடு ஒரு தாள் சேர்க்கப்பட்டது. வீட்டில் எந்த நாட்களைக் கொண்டாடுவீர்கள், எதைக் கொண்டாடமாட்டீர்கள், பிள்ளைக்குத் திருநீறு பூசலாமா, படைத்த உணவைக் கொடுக்கலாமா, வீட்டில் இவ்வாண்டு இழவு நேர்ந்ததா என்று அதில் கேட்கப்பட்டது. எழுதத் தயங்கிய தாய்மாரிடம் கஞ்சி காய்ச்சும் நேரத்தில் வாயால் கேட்டு ஆசிரியைகளே எழுதிக்கொண்டார்கள். உண்மையில் பயன்பட்ட தகவல்களில் பெரும்பகுதி அந்தக் கொட்டிலில்தான் கிடைத்தது.

தை

முன்பள்ளிக்குத் தைப்பொங்கல் வசதியான காலத்தில் வருவதில்லை. ஜனவரி 14 அல்லது 15 என்பது, புதிதாகச் சேர்ந்த மூன்று வயதுப் பிள்ளைகள் தாயின் சேலையை விடாமல் அழுதுகொண்டிருக்கும் காலம். எனவே பெரிய திட்டம் எதையும் போடாமல், பயறு தெரிவதிலிருந்து தொடங்கினார்கள். ஒரு சுளகில் பயறும் இன்னொன்றில் பச்சையரிசியும் போடப்பட்டன. கல்லையும் பூச்சி அரித்ததையும் பொறுக்கி ஒரு சிரட்டையில் போடவேண்டும். விரல் நுனிகளைப் பயன்படுத்தும் இந்த வேலை, பென்சில் பிடிப்பதற்கு முன்னர் கைக்குத் தேவையான பயிற்சி என்று முன்பள்ளிப் பயிற்சிகளில் நாம் சொல்லிக்கொடுப்பதுதான். ஆனால் அதற்காக மணிகளும் நூலும் கடையில் வாங்கச் சொல்கிறோம். அழுதுகொண்டிருந்த புதிய பிள்ளைகளில் சிலர், ஒரு அம்மம்மாவின் பக்கத்தில் இருந்து பயறு தெரியும்போதுதான் முதன்முதலில் அழுகையை நிறுத்தினார்கள். அம்மம்மா பாட்டும் கதையும் சொல்லவில்லை, வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் இளைய ஆசிரியை பொங்கலின் காரணத்தை விளக்கினார். எல்லா இடங்களிலும் சொல்லப்படுவதையே அவரும் சொன்னார்: வயலில் நெல் விளைந்து அறுவடையாகிவிட்டது, அந்தப் புது அரிசியில் பொங்கிச் சூரியனுக்கு நன்றி சொல்கிறோம். கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று உடனே மறுத்தது: “இல்லை ரீச்சர், எங்கட நெல்லு இன்னும் வெட்டேல்லை.” பிள்ளை சொன்னது சரி. வன்னியில் காலபோகம் ஐப்பசி, கார்த்திகை மழையோடு விதைக்கப்படுகிறது. மூன்று அல்லது மூன்றரை மாத நெல்லாக இருந்தாலும், மழை பிந்தினால் தைப்பொங்கலன்று கதிர் பச்சையாகவோ பழுக்கத் தொடங்கிய நிலையிலோதான் நிற்கும். தண்ணிமுறிப்பு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்களின் கீழுள்ள வயல்களில் அறுவடை மாசி வரையும் அதற்கு அப்பாலும் நீள்வது வழக்கம். பொங்கலுக்குப் பழைய அரிசியும், பின்னர் தைப்பூசத்தை ஒட்டிப் புதிர் (முதற்கதிர்) எடுத்துப் புது அரிசியும் என்று இரு தடவையாகச் செய்யும் வீடுகள் பல. பாடநூலில் படித்த பொங்கலைக் காட்டிலும் அந்தப் பிள்ளை பார்த்த பொங்கல் துல்லியமானதாக இருந்தது.

ஆசிரியைகள் இந்த மறுப்பை அந்த ஆண்டின் மிகப் பயனுள்ள பாடமாக்கினார்கள். பிள்ளைகளை வரிசையாக அழைத்துச்சென்று அருகிலிருந்த வயலின் வரம்பில் நிறுத்தினார்கள். அனுமதி பெற்று ஒரு கதிரை ஒடித்து, பச்சை நெல்லை நசுக்கி, உள்ளேயிருந்து பால் வருவதைக் காட்டினார்கள். பின்னர் மாசியில் அறுவடை இயந்திரம் வந்தபோது மீண்டும் சென்று பார்த்தார்கள். வைக்கோலையும் நெல்லையும் வகுப்புக்குக் கொண்டுவந்து, உரலில் சிறிதளவு குற்றி, உமியைப் புடைத்து, அரிசி வெளிவருவதைப் பார்த்தார்கள். பொங்கல் முடிந்து வாரங்கள் கழிந்த பின்னர் அதே சுளகில் புது அரிசி வந்தபோது, கருமையான கண்ணுடைய ஒரு சிறுமி தானாகவே, “இதிலதான் பொங்கோணும்” என்றாள். பண்டிகைக்கும் பயிருக்கும் உள்ள தொடர்பை ஒரு நாளில் சொல்லி முடிக்க முயன்றிருந்தால் இந்த வாக்கியம் கிடைத்திருக்காது.

பொங்கல் அன்று நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதல் நாள் பிள்ளைகள் ஆளுக்கொரு சிறு பகுதி நிலத்தைத் தண்ணீர் தெளித்துக் கூட்டியிருந்தார்கள். ஊர் வழக்கப்படி உலக்கையை நிலத்தில் வைத்து, அதன் ஓரமாக அரிசிமாவைத் தூவி, நேர்கோடுகளால் ஆன சதுரக்கோலம் போடப்பட்டது. இரண்டு பிள்ளைகள் உலக்கையைப் பிடிக்க, ஒரு அப்பப்பா மாவைத் தூவினார். கல் மூன்று வைத்து, பானையைச் சுற்றி இஞ்சி, மஞ்சள் இலை கட்டப்பட்டது. பிள்ளைகள் அடுப்பிலிருந்து சற்றுத் தூரத்தில் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்றார்கள். அரிசி போடும்போது மட்டும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தட்டில் தன் கைப்பிடி அரிசியைப் போட, அந்தத் தட்டைப் பெரியவர் ஒருவர் பானையில் சேர்த்தார். விருந்தினர் எவரும் அழைக்கப்படவில்லை.

வெடி கொளுத்துவதா என்பது பற்றி விவாதம் எழுந்தது. பால் பொங்கும்போது வெடி போடாவிட்டால் பொங்கலா என்று சில தகப்பன்மார் கேட்டார்கள். மூத்த ஆசிரியை மறுத்துவிட்டார். இந்தப் பிள்ளைகள் எல்லாரும் போர் முடிந்த 2009 இற்குப் பல ஆண்டுகளின் பின்னர் பிறந்தவர்கள். ஷெல் சத்தத்தை அவர்கள் அறியமாட்டார்கள். ஆனால் அவர்களை மடியில் வைத்து வளர்க்கும் அம்மம்மாக்கள் அறிவார்கள். வெடிச்சத்தம் கேட்டதும் கிழவி திடுக்கிட்டுப் பிள்ளையை இழுத்து அணைக்கும்போது, அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது பொங்கலை அன்று. மேலும் அன்று சமையல் கொட்டிலில் உதவிக்கு வந்திருந்தவர்களுள் உடலில் இன்னும் ஷெல் துண்டுகளோடு வாழ்பவரும் ஒருவர் இருந்தார். வெடிக்குப் பதிலாகச் சேமக்கலம் அடிக்கப்பட்டது. பிள்ளைகள் அதை அடிக்க முறைவைத்துச் சண்டை பிடித்தார்கள்.

படையலும் திருநீறும்

சபைக்குச் செல்லும் குடும்பம் ஒன்றின் தாய், பொங்கலுக்கு முன்னரே வந்து, தன் மகன் படைத்ததை உண்ணக்கூடாது என்று சொன்னார். முஸ்லிம் பெற்றோர் நேரடியாகச் சொல்லவில்லை. அந்த நாளில் பிள்ளைகளை அனுப்பாமல் விடுவதே முன்னைய ஆண்டுகளில் அவர்கள் கண்ட வழியாக இருந்தது. ஆசிரியைகள் செய்த மாற்றம் சமையலறைக்குரியது: பொங்கல் இறக்கியதும், படைப்பதற்கு முன்னரே, ஒரு பகுதி தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடிவைக்கப்பட்டது. படையல் நேரத்தில் கும்பிட விரும்பிய பிள்ளைகள் முன்னே நின்றார்கள். மற்றவர்கள் பக்கத்தில் வாழையிலை துடைக்கும் வேலையில் இருந்தார்கள். பின்னர் எல்லாரும் ஒரே பந்தியில் இருந்து உண்டார்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பது ஆசிரியைகளுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

இதை ஒரு சமரசம் என்று மட்டும் பார்ப்பது போதாது. இலங்கை 1991 இல் ஏற்றுறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 14 ஆம் உறுப்புரை, பிள்ளையின் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தையும், அதில் பிள்ளைக்கு வழிகாட்டும் பெற்றோரின் உரிமையையும் கடமையையும் மதிக்கக் கோருகின்றது. ஒரு பொதுக் கிராம முன்பள்ளியில் வரிசையாக நிற்கவைத்து எல்லா நெற்றிக்கும் திருநீறு பூசுவது பலருக்கு இயல்பாகத் தெரியும். பூசுபவரின் மனதில் எந்தத் தீங்கும் இருக்காது. வீட்டுக்குப் போனதும் தகப்பன் அதைத் துடைக்கும்போது, அந்தப் பிள்ளை இரண்டு பெரியவர்களில் யாரோ ஒருவர் தவறு செய்தார் என்று முடிவுசெய்ய வேண்டியவனாகிறான். நான்கு வயதில் அந்தச் சுமை தேவையற்றது.

துடக்கு வீடு

அந்தப் பொங்கலுக்கு முந்திய கார்த்திகை மாதத்தில் ஒரு பெண் பிள்ளையின் அம்மப்பா இறந்திருந்தார். ஆட்டைத் திவசம் (ஓராண்டு நினைவுச் சடங்கு) முடியும் வரை அந்த வீட்டில் பண்டிகை இல்லை. தாய் ஆசிரியையிடம், “எங்களுக்கு இந்த வரியம் பொங்கல் இல்லை ரீச்சர், பிள்ளை அண்டைக்கு வரமாட்டா” என்றார். பிள்ளை பயறு தெரிந்திருந்தாள். கோலத்துக்கு நிலம் கூட்டியிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டு நிற்க மட்டும் அனுமதிக்குமாறு கேட்டுப்பார்க்கலாம் என்று இளைய ஆசிரியை கருதினார். மூத்தவர் அதை ஏற்கவில்லை. துடக்கு காப்பது இழந்தவருக்கு ஒரு குடும்பம் செய்யும் மரியாதை, அதில் முன்பள்ளி விலக்குக் கேட்கக்கூடாது என்பது அவர் நிலைப்பாடு. எனக்கும் அதுவே சரியாகப்பட்டது.

ஆனால் வகுப்பில் அதை மறைக்கவில்லை. பொங்கலுக்கு முதல் நாள் காலை வட்டத்தில் மூத்த ஆசிரியை, அந்தத் தாயின் சம்மதத்தோடு, சில வீடுகளில் ஒருவர் இறந்துபோனால் அந்த ஆண்டு முழுவதும் அவரை நினைத்துக்கொண்டு பண்டிகை செய்யாமல் இருப்பார்கள் என்றும், நாளை இவள் வீட்டில் நிற்பாள் என்றும் சொன்னார். பிள்ளைகளின் கேள்விகள் நேரடியானவை: அம்மப்பா எங்கே போனார்? அடுத்த பொங்கலுக்கு வருவாரா? இவளுக்குப் புதுச்சட்டை இல்லையா? ஆசிரியை ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சொற்களில் விடை சொன்னார். வரமாட்டார் என்பதையும் சொன்னார். பிள்ளை இடைமறித்து, அம்மப்பா தன்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார் என்று சொல்ல, வேறு சிலரும் தங்கள் அப்பப்பாக்களின் சைக்கிள்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். பண்டிகை செய்யாமல் இருப்பதும் ஒரு வழக்கம் என்பதைப் பிள்ளைகள் அறிந்துகொள்வதற்கு வன்னியில் இதைவிட வெளிப்படையான வாய்ப்பு கிடைக்காது. பண்டிகைக் கல்வி பற்றிய கைநூல்களில் இந்தத் தலைப்பை நான் கண்டதில்லை.

நோன்பும் வருடப்பிறப்பும்

அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் 1989 இல் முன்வைத்த ஒரு விமர்சனம் இங்கு பொருந்தும். பிற சமூகத்தவரின் உணவையும் உடையையும் விழாவையும் ஒரு நாள் காட்டிவிட்டு, மற்ற நாட்களில் அவர்களை மறந்துவிடும் கற்பித்தலை அவர் சுற்றுலாப் பாடத்திட்டம் என்று கண்டித்தார். தொப்பி போட்ட ஒரு பிள்ளையையும் பிறைப் படத்தையும் வைத்துப் பெருநாளைக் கற்பிக்கும் வழக்கம் நம் முன்பள்ளிகளிலும் உண்டு.

இந்த முன்பள்ளியில் நோன்பு மாதம் முதலாம் தவணைக்குள் வந்தது. ஒரு பிள்ளையின் உம்மா கஞ்சி முறையில் தன் நாளில் வந்தபோது, இலைக்கஞ்சிக்குப் பதிலாக நோன்புக் கஞ்சி காய்ச்சட்டுமா என்று கேட்டார். அரிசி, தேங்காய்ப்பால், உள்ளி, இஞ்சி, ரம்பை என்று பிள்ளைகள் மணந்து பார்த்துப் பெயர் சொன்னார்கள். தான் நோன்பு என்பதால் அந்த உம்மா சுவை பார்க்கவில்லை; உப்புப் பார்க்கும் பொறுப்பு இன்னொரு தாய்க்குப் போனது. ஏன் நீங்கள் குடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை கேட்க, “பொழுதுபட்ட பிறகு குடிப்பன் மகள்” என்றார் அவர். நோன்பு என்றால் என்ன என்று எவரும் விரிவுரை செய்யவேண்டிய தேவை ஏற்படவில்லை. மாலையில் பிறை பார்க்கும் வேலை வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது. சந்திரன் தேய்வதையும் வளர்வதையும் பிள்ளைகள் ஒரு மாதம் முழுவதும் கரிக்கட்டியால் வரைந்தார்கள். நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முந்தி வருவதால், ஒரு காலத்தில் அது சித்திரை வருடப்பிறப்போடு ஒட்டி வரும். 2024 இல் இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன. பெரியவர்களுக்கு இது நாட்காட்டிக் கணக்கு. பிள்ளைகளுக்கு அது எதற்கும் உதவாது, அவர்களுக்கு நாளை என்பதே எட்டாத தூரம். “இன்னும் எத்தனை நித்திரை” என்று கேட்பார்கள். அதற்காகச் சுவரில் ஒரு நீண்ட தாள் ஒட்டப்பட்டு, நாளுக்கொரு கட்டமாக, ஒவ்வொரு காலையும் ஒரு பூவரசம் இலை அதில் ஒட்டப்பட்டது.

சித்திரை வருடப்பிறப்புக்கு மருத்துநீரில் சேரும் மஞ்சள், துளசி, வில்வம், அறுகு ஆகியவற்றைப் பிள்ளைகள் வளவுகளில் தேடிக் கொண்டுவந்தார்கள். கைவிசேடம் கொடுக்கும் வழக்கத்தை நடித்துப் பார்க்க வெற்றிலையும் நாணயமும் போதுமானவையாக இருந்தன. அதற்குமேல் அங்கு எதுவும் நடக்கவில்லை, விடுமுறை வந்துவிட்டது.

வைகாசி

நந்திக்கடலின் கரையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசி விசாகப் பொங்கல், இந்தப் பிள்ளைகளின் ஊரில் தைப்பொங்கலைவிடப் பெரியது. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கேற்றும் வழக்கத்தைப் பிள்ளைகளில் பலர் தோளில் இருந்தபடி பார்த்திருந்தார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, நந்திக்கடலோரம் ஒரு கிழவியாக மாடு மேய்க்கும் சிறுவர்களுக்குத் தோன்றி, எண்ணெய் இல்லை என்ற அவர்களிடம் கடல்நீரில் விளக்கேற்றச் சொன்னாள் என்று ஊரில் சொல்லப்படும் கதையை ஒரு அம்மம்மா வகுப்பில் சொன்னார். சிறுவர்களும் பசித்த கிழவியும் வரும் கதை என்பதால், எந்த வீட்டுப் பிள்ளையும் அதில் விலகி நிற்கவில்லை.

கதை முடிந்ததும் ஒரு பையன், “எங்கட கிணத்துத் தண்ணியிலயும் எரியுமோ?” என்று கேட்டான். ஆம் என்றால் அவன் வீட்டில் தீப்பெட்டியைத் தேடுவான். இல்லை என்றால் அம்மம்மாவின் நம்பிக்கையை ஆசிரியை உடைத்ததாகும். மூத்த ஆசிரியையின் விடை, அம்மன் கோயிலில் அப்படி ஏற்றுவார்கள் என்று அம்மம்மா சொல்லுவா, எங்கள் வீட்டு விளக்குக்கு எண்ணெய் விடுவோம் என்பதாக இருந்தது. பல சமயத்துப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், யார் சொல்கிறார்கள் என்பதைச் சேர்த்தே சொல்லும் இந்த வாக்கிய முறை ஆண்டு முழுவதும் கைகொடுத்தது. இயேசு பாலன் பிறந்த கதைக்கும் அவர்கள் இதையே கைக்கொண்டார்கள்.

அதே வைகாசிக் காலத்தில், மே 18 ஐ ஒட்டிய நாட்களில், 2009 இல் போரின் இறுதிக் கட்டத்தில் இறந்தோரின் நினைவாக ஊரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கப்படுகின்றது. முன்பள்ளி அதைப் பாடமாக எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது என்பதில் ஆசிரியைகள் உறுதியாக இருந்தார்கள். இருந்தாலும் பிள்ளைகள் அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு வருகிறார்கள். அரிசியும் உப்பும் தண்ணீருமான அந்தக் கஞ்சியை இலைக்கஞ்சியோடும் நோன்புக் கஞ்சியோடும் ஒப்பிட்டு, அதில் ஏன் தேங்காய்ப்பால் இல்லை, அதுவும் பொங்கலா என்று ஒரு பிள்ளை கேட்டது. மூத்த ஆசிரியை, அது பொங்கல் இல்லை, செத்துப்போன ஆட்களை நினைக்கிற நாள், அப்போது சாப்பாடு இருக்கவில்லை, அதுதான் அப்படிக் காய்ச்சுவது என்று சொன்னார். தைமாதம் துடக்கு வீட்டைப் பற்றிப் பேசியிருந்ததால் பிள்ளைகளுக்கு அது புதிய செய்தியாக இருக்கவில்லை. அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை; ஆசிரியையும் சொல்லவில்லை.

ஆண்டின் பிற்பகுதி

ஆடிப்பிறப்புக்குப் பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, ஆடிக்கூழ் குடிக்கும் கரண்டி செய்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளால் செய்ய முடிந்தது, சிறியவர்கள் இலையைக் கிழித்தார்கள். வாணி விழாவும் ஏடு தொடக்கலும் கோயிலில் நடப்பதால் முன்பள்ளி அவற்றைப் பெற்றோரிடம் விட்டுவிட்டது. மார்கழியில் ஒளிவிழாவுக்குப் பதிலாகப் பாலன் குடில் கட்டினார்கள். தை, மாசியில் சேர்த்துவைத்த வைக்கோல் அதற்குப் போதுமாக இருந்தது.

பிறந்தநாட்களைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். வெளிநாட்டில் உறவினர் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு தட்டுக் கேக்கும் எல்லாருக்கும் பரிசுப் பொதியும் வரும். தாய் தனித்துக் கூலிவேலை செய்யும் வீட்டுப் பிள்ளை தன் பிறந்தநாளன்று முன்பள்ளிக்கு வராமல் நின்றுவிடும். கேக் கொண்டுவருவதை ஆசிரியைகள் நிறுத்தினார்கள். பிறந்தநாள் பிள்ளை அன்று மணி அடிக்கும், கஞ்சி பரிமாறும், முன்பள்ளி வளவில் தன் பெயரில் ஒரு வெண்டி அல்லது கத்தரிக் கன்று நடும். பிறந்தநாளே தெரியாத ஒரு பிள்ளைக்கு, பதிவிலிருந்த திகதி சரியானதல்ல என்று அம்மம்மா சொன்னதால், மழைக்காலத்தில் ஒரு நாளை அம்மம்மாவே தெரிந்து கொடுத்தார்.

எதிர்ப்புகளும் எஞ்சியவையும்

எல்லாப் பெற்றோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்லமுடியாது. மிகக் கூடுதலான முறைப்பாடு படங்கள் பற்றியது. வேட்டியும் பாவாடையும் இல்லாமல், சுளகுக்கு முன்னால் குந்தியிருக்கும் பிள்ளையின் படத்தை வெளிநாட்டிலுள்ள மாமாவுக்கு எப்படி அனுப்புவது என்று ஒரு தாய் கேட்டார். உதவி வழங்கும் தரப்பொன்று விழாப் படங்கள் இல்லாமல் அறிக்கையை ஏற்கத் தயங்கியது. அதற்காக ஆண்டிறுதியில் ஒரு கலைநிகழ்ச்சி நடத்தவேண்டி வந்தது. அது அப்படியேதான் நடந்தது, கதிரைகளும் உரைகளும் உட்பட. இரண்டு ஆசிரியைகளின் சிறு மாதாந்தக் கொடுப்பனவைக் கருதும்போது, அந்தத் தரப்போடு முரண்பட அவர்களுக்கு வழியில்லை என்பதை நான் நன்கு புரிந்துகொள்கிறேன்.

பிள்ளைகளிடம் தெரிந்த மாற்றத்தை அவர்களுடைய விளையாட்டில்தான் பார்க்கமுடிந்தது. முன்னர் விழா விளையாட்டு என்றால் ஒரு பிள்ளை கதிரையில் இருக்க மற்றவர்கள் கை தட்டுவார்கள். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் மண்ணில் மூன்று கல் வைத்துச் சிரட்டையில் பொங்கினார்கள், “நீ சாப்பிடுவியோ, எடுத்து வைக்கட்டோ?” என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கேட்டதை இளைய ஆசிரியை தன் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தது பிழை என்பது அதிலிருந்து தெளிவானது.

அடுத்த ஆண்டுக்கான படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கப்பட்டுள்ளது: உங்கள் வீட்டில் நெல் எப்போது வெட்டுவீர்கள்? அதோடு, துடக்கு முடிந்த அந்தப் பெண் பிள்ளையின் தாய், இம்முறை பானைக்கான பயற்றைத் தானே வறுத்துத் தருவதாகக் கஞ்சிக் கொட்டிலில் சொல்லியிருக்கிறார். விருந்தினரை அழைப்பதா என்பது இன்னும் பெற்றோர் கூட்டத்தில் முடிவாகவில்லை.